தம்பிக்கு, ஸ்மோக் அலாரம் விஷயமா

அன்புள்ள தம்பிக்கு அப்பா எழுதறது. இங்க நானும் அம்மாவும் சௌக்கியம். போன்ல சொல்லலாம்னு பாத்தா நீ எடுக்க மாட்டேங்கற, எடுத்தாலும் மீட்டிங்ல இருக்கேன்ப்பான்னு வெச்சிடற, அதான் உக்காந்து டைப் பண்றேன், எழுத்து தப்பு இருந்தா சரி பண்ணி படிச்சுக்க. ஊருக்கு வந்து இருவத்தி மூணு நாள் ஆச்சு, உங்கிட்ட இருந்து வந்தது நாலு கட்டைவிரல் படம்தான். மருமக பேரன் போட்டோ அனுப்புது, எதுலயும் நீ இல்ல. சரி, எடுக்கறது நீயா இருக்கும்.

விஷயம் இதுதான். உங்க வீட்டு ஸ்மோக் அலாரம் எல்லாத்தையும் வர்ற சனிக்கிழமை ஒண்ணு விடாம பாக்கணும். நடுவுல ஒரு பட்டன் இருக்கும், தொடப்பக்கட்டை நுனியால அமுக்கிப் பிடிச்சா கத்தணும். மாசம் ஒரு தடவ இத பண்ணனும், நீ வருஷத்துக்கு ஒரு தடவ கூட பண்ணியிருக்க மாட்ட. நவம்பர் மொத ஞாயிறு கடிகாரத்த ஒரு மணி நேரம் பின்னாடி வெப்பீங்களே, அந்த சாக்குல அங்க நெறைய பேர் அலாரத்தையும் பாத்துடுவாங்களாம், நீ கடிகாரத்தக் கூட மாத்தியிருக்க மாட்ட, போன்ல தானா மாறியிருக்கும்.

நான் வந்த புதுசுல ஹால்ல இருக்கறத அமுக்கிப் பாத்தேன், பேரன் மேல இருந்து ஓடி வந்து "தாத்தா சாப்பாடு ரெடியா"ன்னு கேக்கறான். எனக்கு சிரிப்பு வந்துச்சு, அப்பறம் வரல. தாளிக்கறப்பெல்லாம் அது கத்திக் கத்தி அவனுக்கு அது சாப்பாட்டு மணி ஆயிடுச்சு. நெசமாவே தீ புடிச்சாலும் தட்ட எடுத்துக்கிட்டு வந்து நிப்பான். அது அடுப்புக்கு ரொம்பக் கிட்ட இருக்கு தம்பி, பத்தடியாவது தள்ளி இருக்கணும். டைப்பும் பாத்து வாங்கணும். ஒரு டைப்புக்குள்ள அமெரிசியம்னு கதிரியக்கப் பொருள் துளியூண்டு இருக்கும், அதனால உள்ள சின்னதா ஒரு கரண்ட் ஓடிட்டே இருக்கும், பொக நுழைஞ்சா அந்த கரண்ட் குறையும், கத்தும். கடுகு தாளிக்கறதுக்கெல்லாம் ஊரக் கூட்டறது பெரும்பாலும் இதுதான். இன்னொன்னு வெளிச்சத்த வெச்சு வேலை செய்யறது, ஒரு லைட்டு நேரா போயிட்டிருக்கும், பொக வந்தா அந்த வெளிச்சம் செதறி சென்சார் மேல விழும். எரியாம பொகஞ்சுக்கிட்டே கெடக்கற தீய இது சீக்கிரம் கண்டுபிடிக்கும், சோஃபா, மெத்தை, சிகரெட்டு துண்டு இந்த மாதிரி. நீ இந்த டைப்ப வாங்கு.

அக்டோபர்ல பேரன் ஸ்கூல்ல தீ பாதுகாப்பு வாரம்னு ஃபயர் இன்ஜின் வந்துச்சே, செவப்பு தொப்பியோட வீட்டுக்கு வந்தான். 1871ல சிகாகோ ஊரே எரிஞ்சுதாம், அந்த அக்டோபர் 9ஐ ஒட்டி வர்ற வாரமாம், எனக்கு அவன்தான் பாடம் எடுத்தான். அப்ப ஒரு வீட்டுப்பாடம் குடுத்தாங்க. வீட்ட படமா வரையணும், ஒவ்வொரு ரூமுக்கும் வெளிய ஓட ரெண்டு வழி அம்பு போடணும், வெளிய வந்து எல்லாரும் கூடற எடத்த குறிக்கணும். மெயில்பாக்ஸ் கிட்ட எல்லாரையும் குச்சிக் குச்சியா நிக்க வெச்சிருந்தான், என்னைய வேட்டியோட. யாரு எங்க படுக்கறாங்கன்னும் போட்டிருந்தான். அவன் மேல. அவங்கம்மா மேல பெரிய ரூம்ல. நாங்க பக்கத்து ரூம்ல. பேஸ்மெண்ட்ல கட்டில் மாதிரி ஒரு கட்டம் போட்டு அதுக்குள்ள அப்பான்னு இங்கிலீஷ்ல எழுதி, படிக்கட்டு பக்கம் ஒரே ஒரு அம்பு. ரெண்டாவது வழிக்கு கேள்விக்குறி. அந்தக் கேள்விக்குறிய சுத்தி டீச்சர் பச்சை மையில வட்டம் போட்டிருந்தாங்க. ரெண்டு நாள் ஃப்ரிட்ஜ் கதவுல இருந்துச்சு, அப்பறம் இல்ல.

நான் எதுவும் கேக்கல. ஆபீஸ் கால் லேட்டாகும், கீழ படுத்தா யாருக்கும் தொந்தரவு இல்ல, ஆயிரம் இருக்கும். நான் சொல்ல வந்தது அலாரம். யாரு எந்த ரூம்ல படுத்தாலும் அந்த ரூம் உள்ள ஒண்ணு, ரூம் வாசல்ல ஒண்ணு, அது போக மாடிக்கு ஒண்ணு, பேஸ்மெண்டும் மாடிக் கணக்குல சேத்திதான். உங்க பேஸ்மெண்ட் சீலிங்ல நான் பாத்தது ஒரு வெள்ளைத் தட்டும் ரெண்டு ஸ்குருவும், தட்டுல மாட்டியிருக்க வேண்டியது இல்ல. வீடு வாங்குனப்ப டவுன்ல இருந்து ஆள் வந்து பாத்து சர்டிபிகேட் குடுத்தாங்க, நியூஜெர்சில அது இல்லாம வீடு கை மாறாதுன்னு நீதான் பெருமையா சொன்ன. அப்ப அன்னைக்கு அது இருந்திருக்கு. யாரு கழட்டுனான்னு கேக்கல. ட்ரையர் பின்னாடி இருந்த காபி டின்னப் பத்தியும் கேக்கல, உங்கம்மாட்ட அத சொல்லவும் இல்ல. ஆனா அங்க வீட்டுத் தீயில சாகறவங்க கணக்கெடுத்தா சிகரெட்டால பத்துன தீயில போறவங்கதான் முன்னாடி நிக்கறாங்க, அத மட்டும் தெரிஞ்சுக்க. இன்னொண்ணு, செத்தவங்கள்ல கிட்டத்தட்ட அஞ்சுல மூணு பேர் அலாரமே இல்லாத வீட்லயோ, இருந்தும் வேலை செய்யாத வீட்லயோ இருந்தவங்க.

வீட்ட சூடாக்கற ஃபர்னஸும் வாட்டர் ஹீட்டரும் நீ படுக்கற, சரி, அந்தக் கட்டில் இருக்கற ரூமுக்கு அடுத்த செவுத்துலதான். ரெண்டும் கேஸ். குளிர் ஆரம்பிச்சாச்சு, ராத்திரி பூரா ஓடும். சரியா எரியலன்னா வர்ற கார்பன் மோனாக்சைடுக்கு நெறமும் கெடையாது, வாசனையும் கெடையாது. அதுக்கு தனி அலாரம் வாங்கு, இல்ல ரெண்டும் சேந்தது வாங்கு. மூணு மூணா கத்துனா தீ, நாலு நாலா கத்துனா கார்பன் மோனாக்சைடு, இத மருமகளுக்கும் பேரனுக்கும் சொல்லிக் குடு. பொக வாசன வந்தா முழிச்சுக்குவோம்னுதான் எல்லாரும் நெனைக்கறாங்க, தூங்கறவன் மூக்கும் தூங்கும் தம்பி. கதவ சாத்திக்கிட்டு படுக்கறது நல்லதுன்னு அங்க ஃபயர் டிபார்ட்மென்ட்காரங்களே சொல்றாங்க, தீயும் பொகையும் உள்ள வர நேரமாகும். தீக்கு நல்லது, சரி. ஆனா சாத்துன கதவுக்குள்ள இருக்கறவனுக்கு மேல கத்தறது கேக்காது. அதனால ஒண்ணோட ஒண்ணு தொடர்பு இருக்கற மாதிரி வாங்கணும், உங்களது பழைய வீடு, வயர் இழுக்க வேணாம், இப்ப வயர் இல்லாமலே சிக்னல் குடுத்துக்குது, கீழ ஒண்ணு கத்துனா மேல எல்லாம் கத்தும், மேல கத்துனா கீழயும். வெல கூடத்தான். அமெரிக்காவுல சொந்த வீடு வாங்குன மொத புள்ள நம்ம தெருவுல நீதான், டீக்கடைல கூட நான் அத சொல்லாத ஆள் பாக்கி இல்ல. அவ்ளோ பெரிய வீட்ட வாங்குனவனுக்கு சீலிங்ல ஒரு டப்பாவ மாட்ட நேரம் இல்ல.

தீபாவளிக்கு மொத நாள் ராத்திரி உங்கம்மா அதிரசம் போட்டப்ப மூணு தடவ கத்துச்சு. மருமக துண்ட எடுத்து விசிறிக்கிட்டே சிரிச்சுது, அஞ்சு மாசத்துல அது அப்படி சிரிச்சு நான் அன்னைக்குத்தான் பாத்தேன். வீடே அதிருது, நீ மேல வரல. கீழ கேட்டுச்சா கேக்கலயான்னு எனக்குத் தெரியல.

இவ்ளோ நேரம் உன்னையே சொல்லிட்டிருக்கேன். வந்ததுல இருந்து உங்கம்மா பல்லி சொல்லுது பல்லி சொல்லுதுங்கறா. பரண் மேல இருந்து நிமிஷத்துக்கு ஒரு தடவ சத்தம் வருது. தரையில விரலால தட்டிக்கிறா, எந்தத் தெச பாத்து சொல்லுதுன்னு பஞ்சாங்கத்த எடுத்து வெச்சுக்கிட்டு பலன் பாக்கறா, ஒரு நாள் நல்ல சேதி வரும்ங்கறா, மறுநாள் எதுக்கும் பையனுக்கு ஒரு போன் போடுங்கங்கறா. நான் வாயே தொறக்கல. அது பல்லி இல்ல. உங்க மேல் மாடி அலாரம். பரண் மேல என் பெட்டிக்குள்ள இருக்கு.

கெளம்பறதுக்கு நாலு நாள் முன்னாடி, ராத்திரி ரெண்டு மணி, பேரன் ரூம் வாசல்ல அது கீச் கீச்சுன்னு ஆரம்பிச்சுது. பேரன் பொரண்டு படுக்கறான். உன்ன எழுப்பலாம்னா நீ கீழ. மருமகள எழுப்பக் கூச்சமா இருந்துச்சு. டைனிங் சேரப் போட்டு ஏறி திருகுனேன், கையோட வந்துடுச்சு. பேட்டரிய எடுக்கலாம்னா மூடியே இல்ல, உள்ள வெச்சு சீல் பண்ண டைப்பு, அணைக்கற சுவிட்சு எங்கயோ சந்துல இருக்கு, கண்ணாடி இல்லாம எனக்குத் தெரியல. துண்டுல சுத்தி, அதுக்கு மேல வேட்டியச் சுத்தி, பெட்டிக்கு அடியில வெச்சு ஜிப்ப இழுத்துட்டேன். காலைல உங்கிட்ட சொல்லணும்னுதான் நெனச்சேன், நீ சாப்பிடாம கெளம்பிட்ட. அப்பறம் மறந்துட்டேன்னு சொன்னா அது பொய். சொன்னா, ராத்திரியே என்ன எழுப்பியிருக்கலாமேப்பான்னு நீ கேப்ப, எங்க வந்து எழுப்பறதுன்னு நான் சொல்ல வேண்டியிருக்கும். அதுக்கு பயந்துக்கிட்டு மூணு நாள் பேசாம இருந்துட்டு பிளைட் ஏறிட்டேன்.

இங்க வந்து கண்ணாடி போட்டு திருப்பிப் பாத்தேன், பின்னாடி தயாரிச்ச தேதி 2015 மார்ச்னு இருக்கு. பத்து வருஷம்தான் அதுக்கு ஆயுசு, பேட்டரியில உசிரு இருந்தாலும் சென்சார நம்ப முடியாது. என்னைய மாத்துங்கன்னுதான் கத்தியிருக்கு, நான் வாயப் பொத்தி ஊருக்குத் தூக்கிட்டு வந்துட்டேன். முப்பத்தி நாலு வருஷம் ஈ.பி.ல இருந்தவன். ஃப்யூஸ் அடிக்கடி போகுதுன்னு ஃப்யூஸ் கட்டையில தடிக் கம்பிய சுத்தி வெக்கறவங்கள நடுத்தெருவுல நிக்க வெச்சு திட்டியிருக்கேன், சைக்கிள் கேரியர்ல உக்காந்து நீயே கேட்டிருக்க, ஃப்யூஸ் போனா ஏன் போச்சுன்னு பாருய்யா, அது வாய ஏன் அடைக்கறன்னு. கும்பகோணத்துல பொறந்து, 2004 ஜூலை 16ஐ பாத்துட்டு, ஸ்கூல் சமையக்கட்டுல இருந்து கூரைக்கு ஏறுன தீ, 94 புள்ளைங்க, உங்கம்மா இன்னைக்கும் அந்தத் தெரு வழியா போறதில்ல, அப்படிப்பட்ட ஊர்க்காரன் சொந்தப் பேரன் ரூம் வாசல்ல இருந்தத கழட்டிட்டு வந்திருக்கேன். கிட்டத்தட்ட நாலு வாரமா அங்க வெறும் தட்டுதான் இருக்கு. நீங்க யாரும் அண்ணாந்து பாத்திருக்க மாட்டீங்க.

நீ நாலாங்கிளாஸ் படிச்சப்ப ஒன்றர வருஷம் நான் திண்ணையில படுத்தேன், ஞாபகம் இருக்கா. ராத்திரி ஃபால்ட்டுன்னு ஆள் வந்தா உடனே கெளம்பிப் போக வசதின்னு உங்கிட்ட சொல்லி வெச்சோம். ஆள் வந்தது பத்து நாளைக்கு ஒரு தடவ. உங்கம்மா உங்கிட்ட அப்பாவ சாப்பிட வரச் சொல்லும்பா, நான் உங்கிட்ட வேணாம்னு சொல்லும்பேன், ரெண்டு பேரும் நாலடி தள்ளித்தான் நிப்போம். நீ அங்கயும் இங்கயும் போயிட்டு வருவ. ஒரு நாள் நீ ரெண்டு பேருக்கும் நடுவுல நின்னுக்கிட்டு, போகாம, ஒண்ணும் சொல்லாம, டவுசர் நாடாவ கடிச்சுக்கிட்டே இருந்த. நான் ஃப்யூஸ் கம்பிய எடுத்துக்கிட்டு வெளிய போயிட்டேன். எல்லாம் சித்தப்பா கல்யாணத்துக்கு அடகு வெச்ச அந்த வளையல்தான். கேட்டுட்டு வெச்சிருக்கலாம், கேக்கல. வெச்சதுக்கப்பறமாவது சொல்லியிருக்கலாம். உன் தாத்தா அதே திண்ணையில பக்கத்துல படுத்திருந்தாரு, ஒரு வார்த்த என்னன்னு கேக்கல, புள்ள மனசு நோகும்னு நெனச்சிருப்பாரு. கேட்டிருந்தா ஒரு வாரத்துல உள்ள போயிருப்பேன். நான் உங்க வீட்ல அஞ்சு மாசம் இருந்தேன் தம்பி.

கார்த்திகை வருது. மருமக வாசப்படியில அகல் வெக்கும், வெளிய வெக்கட்டும், கார்பெட் மேல, ஜன்னல் திரை கிட்ட வேணாம். கிச்சன்ல இருக்க வேண்டிய, தீயணைக்கற அந்த செவப்பு சிலிண்டர் ஷூ ரேக் பின்னாடி கெடக்கு, எடுத்து கைக்கு எட்டற மாதிரி வெய்யி, அடுப்புக்கு மேலயே வெக்காத, தீ புடிச்சா கிட்ட போக முடியாது. அலாரத்த பெயிண்ட் அடிச்சிடாத, அப்பப்ப வேக்குவம் போட்டு தூசி எடு, ஏசி காத்து வர்ற எடத்துல மாட்டாத, பாத்ரூம் வாசல்ல மாட்டாத. மேல ஒண்ணு உடனே வாங்கி மாட்டிடு, மத்தத அப்பறம் பாத்துக்கலாம். இல்ல, எல்லாத்தையும் சேத்தே வாங்கு, அப்பறம்னா நீ பண்ண மாட்ட.

கராஜ்ல அலுமினிய ஏணி இருக்கு, ஒரு கால் ஆடும். சர்வீஸ்ல நான் கீழ ஆள் இல்லாம ஏணி ஏறுனது கெடையாது, ஆள் இல்லாம ஏறுனது அந்த ராத்திரி சேர்ல மட்டும்தான். நீ தனியா ஏறாத. மருமகள கூப்பிட்டு பிடிச்சுக்கச் சொல்லு. பேரன நிக்க வெக்காத, அவனால பிடிக்க முடியாது.

மாட்டி முடிச்சதும் பட்டன அமுக்கி அந்த சத்தத்த ரெக்கார்டு பண்ணி அனுப்பு. கட்டைவிரல் அனுப்பாத.

அப்பா