ஆற்று மணல் திரும்ப வருகிறதா? நீர்வளத் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நீர்வளத் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். பள்ளிப் பாடத்தில் இயற்கை வளங்களை இரண்டாகப் பிரித்துச் சொல்லித் தருவார்கள். வெயில், காற்று, காடு எல்லாம் புதுப்பிக்கக்கூடியவை. நிலக்கரி, பெட்ரோலியம் தீர்ந்தால் தீர்ந்ததுதான். ஆற்று மணலை இதில் எந்தப் பக்கம் வைப்பது? குவாரி வேண்டும் என்பவர்கள் யோசிக்காமல் முதல் பக்கத்தில் வைத்துவிடுகிறார்கள். அள்ளினால் என்ன, அடுத்த வெள்ளத்தில் வந்துவிடுமே என்கிறார்கள். காவிரியிலும் கொள்ளிடத்திலும் அப்படி வருகிறதா என்பதுதான் என் கேள்வி.

மணல் மலைப்பாறை சிதைந்து வெள்ளத்தோடு உருண்டு வருவது. 1934-ல் மேட்டூர் அணை எழுந்த பிறகு, மேலேயிருந்து வரும் கனத்த மணல் நீர்த்தேக்கத்திலேயே தங்கிவிடுகிறது. அதற்குக் கீழே காவிரியில் சேரும் ஆறுகளாவது கொண்டுவருமா என்றால், பவானிக்குப் பவானிசாகர், அமராவதிக்கு அமராவதி அணை. நொய்யலில் ஒரத்துப்பாளையம் கட்டினோம். அங்கே மணலுக்குப் பதில் சாயக்கழிவு தேங்கிய கதை உங்களுக்குத் தெரியாததல்ல. ஆக, கரூருக்குக் கீழே லாரியில் ஏறும் மணலில் பெரும்பகுதி அணைகளுக்கு முந்தைய காலத்துச் சேமிப்பு. பழைய மணல் தீரத் தீர, அதற்கு ஈடாகப் புது மணல் வருவதில்லை. வரவைவிட அள்ளுவது அதிகமாகிவிட்டால், புத்தகம் என்ன சொன்னாலும் மணலும் நிலக்கரி மாதிரிதான்.

மணலோடு போவது மணல் மட்டுமில்லை. ஒரு யூனிட், அதாவது 100 கன அடி மணல், தன் இடுக்குகளில் ஏறக்குறைய 1,000 லிட்டர் தண்ணீரைப் பிடித்து வைக்கும். திருச்சி பக்கம் காவிரி மணலில் இறக்கிய கிணறுகளிலிருந்துதான் ராமநாதபுரம் வரை குடிநீர் போகிறது. ஆற்றுப் படுகை தாழ்ந்தால் கரையோரக் கிணறுகளின் நீர்மட்டமும் கூடவே இறங்கும், கடைமடையில் உப்புநீர் உள்ளே ஏறும். 2018 ஆகஸ்டில் முக்கொம்பில் கொள்ளிடம் மேலணையின் ஒன்பது மதகுகள் வெள்ளத்தில் போயின. 1836-ல் கட்டத் தொடங்கிய அணை, வயதாகிவிட்டது, சரி. மணல் மட்டுமே காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் படுகை இறங்கினால் அணைக்கும் பாலத்துக்கும் அடியில் அரிப்பு கூடும் என்பதை உங்கள் பொறியாளர்களுக்கு நான் சொல்லித் தரவேண்டியதில்லை.

எம்-சாண்ட் என்கிற செயற்கை மணல் இருக்கிறதே என்பீர்கள். எனக்கும் அது தேவலை என்றுதான் தோன்றுகிறது, ஆற்றைவிட்டுக் கை எடுக்க வைப்பதால். ஆனால் அதற்காக உடைபடுவது பாறை. சேலம், நாமக்கல் பக்கத்துப் பாறைகள் 200 கோடி ஆண்டுகளுக்கும் மூத்தவை. மழை பெய்து குன்று வளர்ந்ததாக யாரும் பார்த்ததில்லை. அதனால் எம்-சாண்டுக்கும் அளவு வேண்டும். இடிக்கும் கட்டடத்தின் காங்கிரீட்டை அரைத்துத் திரும்பப் பயன்படுத்துவதை அரசுக் கட்டுமானங்களிலாவது கட்டாயமாக்குங்கள்.

2003-லிருந்து ஆற்று மணல் எடுப்பது அரசின் கையில்தான் இருக்கிறது. பருவமழைக்கு முன்னும் பின்னும் படுகையை அளந்து, எவ்வளவு மணல் திரும்ப வந்தது என்று கணக்கெடுக்க வேண்டும் என்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் 2020 வழிகாட்டு நெறிமுறைகள் சொல்கின்றன. அந்தக் கணக்கைக் குவாரி வாரியாக, தமிழில், அந்தந்த ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்டுங்கள். போன வருஷம் எவ்வளவு அள்ளினோம், மழைக்குப் பின் எவ்வளவு வந்தது, இரண்டே எண்கள் போதும். இரண்டாவது எண் சிறிதாக இருக்கும் இடத்தில் குவாரியைத் திறக்காதீர்கள். அளக்கவே இல்லை என்றால், அளந்து முடிக்கும்வரை திறக்காதீர்கள். பதிலை எனக்குத் தனியாக அனுப்ப வேண்டாம், பலகையில் பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கொள்ளிடக் கரையிலிருந்து ஒருவன்