வெள்ளம் வடிந்த வாரத்தில் கிறிஸ்துமஸ்

ஏரல் பக்கம்,
29.12.2023

அன்பு மக்கா,

தோத்திரம். என் போனுக்குள் தண்ணீர் புகுந்து செத்துப்போச்சு. உன் செய்தியை உன் மச்சினன் போனில்தான் கேட்டேன். அவன் நாளைக்கு பஸ்ஸில் மெட்ராஸ் கிளம்புகிறான், இதை அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன். பேப்பரில் உனக்கு எழுதி எத்தனை வருஷம் ஆச்சோ!

"இந்த வருஷம் உங்களுக்குக் கிறிஸ்துமஸே இல்லாமல் போச்சே, டி.வி.யாவது ஒன்று வாங்கி அனுப்பட்டுமா" என்று கேட்டிருந்தாய். கிறிஸ்துமஸ் இருந்தது, மக்கா. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

17-ம் தேதி, கிறிஸ்துமஸுக்கு முந்தின அட்வெந்து காலத்தின் மூன்றாம் ஞாயிறு. ஆராதனை முடிந்து வெளியே வரும்போதே குடை நிற்கவில்லை. மறுநாள் காலைக்குள் காயல்பட்டினத்தில் மட்டும் 95 சென்டிமீட்டர் பெய்ததாகச் சொன்னார்கள். நம்ம தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்கிறதைவிட அதிகம். தாமிரபரணி ராத்திரியில் ஊருக்குள் வந்தது. பக்கத்து வீட்டு மொட்டை மாடியில் ஏறி நின்றோம். ஹெலிகாப்டரில் போட்ட பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டோம். பிரிட்ஜ், கிரைண்டர், பேரன் பேத்திக்கு எடுத்து வைத்திருந்த துணி, பரண்மேல் இருந்த ஸ்டார் எல்லாம் போச்சு. வாழை மொத்தமும் சாய்ந்துவிட்டது. அதைப் பற்றி நேரில் பேசுவோம், எழுதினால் வயிறு எரியும்.

கோயிலுக்குள் முழங்கால் அளவு சகதி. சனிக்கிழமை ஊரே சேர்ந்து மண்வெட்டி போட்டு அள்ளினோம். கரண்ட் இல்லாததால் நாலு மணி ஆராதனையை விடிந்த பிறகு வைத்தார்கள். நம்ம சபைப் போதகர் ஐயரின் அங்கியில் வண்டல் கறை போகவே இல்லை. நிவாரணத்தில் ஒரே பண்டிலில் வந்த கட்டம் போட்ட சட்டையை ஏழெட்டுப் பேர் போட்டிருந்தோம். பாடகர் குழு யூனிபார்ம் மாதிரி இருந்தது. சிரிக்காதே!

கீபோர்டு இல்லை, திரையில் பாட்டு ஓடவில்லை, பாட்டுப் புத்தகங்கள் ஊறிப்போய்க் கிடந்தன. வாலிபப் பிள்ளைகள் முதல் சரணத்தோடு நின்றுவிட்டார்கள். நம்ம அம்மாமார்தான் கீர்த்தனைகளை ஆறு சரணமும் மனப்பாடமாக இழுத்துக்கொண்டு போனார்கள். ராகம் அங்கங்கே வழுக்கியது, பரவாயில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறே. கீழத்தெருக் குடும்பங்கள் சிலரை நீ கிறிஸ்துமஸ் அன்றைக்குக் கோயிலில் பார்த்திருக்கிறாயா? யோசித்துப் பார். அவர்கள் அடுத்த ஞாயிறுதான் வருவார்கள். புதுத்துணி எடுக்க முடியாத வருஷத்தில் எப்படி வந்து உட்காருவது என்ற கூச்சம். கூச்சப்படாதவர்கள் கம்மலை அடகு வைத்துத் துணி எடுத்தார்கள். டிசம்பர் பிறந்தால் அடகுக்கடை வாசலில் நம்ம சபை ஆட்கள்தானே நிற்பது வழக்கம்! ஸ்டார் யார் வீட்டில் பெரியது, சீரியல் செட் எந்தத் தெருவில் அதிகம் என்று இங்கே நடந்த போட்டியெல்லாம் உனக்குத் தெரியாததா? இந்த வருஷம் யாரிடமும் புதுத்துணி இல்லை. அந்தக் குடும்பங்கள் முதல் மணிக்கே வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். இத்தனை வருஷமும் அவர்களை வாசலுக்கு வெளியே நிறுத்தியது நம்ம பட்டும் பளபளப்பும்தான் என்று எனக்குத் தோன்றியது.

ஐயர் வேதாகமத்தில் லூக்கா இரண்டாம் அதிகாரத்தில் நாம் தாண்டிப் போய்விடுகிற இடத்தை எடுத்தார். குழந்தை இயேசுவைத் தேவாலயத்துக்குக் கொண்டுவந்தபோது ஒரு ஜோடு காட்டுப்புறாவோ இரண்டு புறாக்குஞ்சோ பலி செலுத்துவதாக வருகிறதே, அது. பழைய ஏற்பாட்டு லேவியராகமத்தில் ஆட்டுக்குட்டி கொடுக்கச் சக்தி இல்லாதவர்களுக்கு விதித்த காணிக்கை அது. மரியாளும் யோசேப்பும் ஆட்டுக்குட்டி வாங்க முடியாத வீட்டுக்காரர்கள். அத்தனை வருஷம் குடில் கட்டியிருக்கிறோம், நம்ம குடிலில் அந்த ஏழ்மை எங்கே தெரிந்தது?

சாயங்காலம் வெளியூர்ப் பிரசங்கியார் ஒருவர் வந்தார். நம்ம உலக ஆசையைக் கழுவத்தான் கர்த்தர் வெள்ளத்தை அனுப்பினார் என்று பேசினார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஆற்றோரக் குடிசையில் இரண்டு பசுவைப் பறிகொடுத்தவளுக்கு என்ன உலக ஆசை? பால் ஊற்றிப் பிள்ளைகளைப் படிக்க வைத்தவள். பொருளைவிட விசுவாசம் பெரிது என்று என்னைப் பற்றி நான் சொல்லிக்கொள்ளலாம். வயிற்றுப்பாட்டுக்கு இருந்ததைத் தொலைத்தவனிடம் போய்ச் சொல்ல எனக்கு வாய் வராது.

விசுவாசம் என்றால் புதுக்குடியில் நடந்ததுதான் எனக்கு ஞாபகம் வருகிறது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நின்று நூற்றுக்கணக்கானவர்கள் மாட்டிக்கொண்டார்களே, பக்கத்துப் புதுக்குடிக்காரர்கள் இருக்கிற அரிசியைப் போட்டு அவர்களுக்குப் பொங்கிக் கொடுத்தார்கள். யார் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர் என்று யாரும் கேட்கவில்லை. நம்ம முன்னோரிடமும் அந்தக் குணம் இருந்தது. பனையேறிக் குடும்பங்கள் நிறைந்த திருநெல்வேலிச் சபைகள்தானே 1903-ல் வெளிநாட்டுக் காசை எதிர்பாராமல் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கித் தெலுங்கு நாட்டுக்கு ஆள் அனுப்பின! அந்தச் சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான வெள்ளாளன்விளை அசரியா நடந்த மண் இது. எங்க ஆச்சி உலை வைக்கும்போதெல்லாம் காணிக்கைக் கலயத்தில் ஒரு பிடி அரிசியைப் போட்டுவிட்டுத்தான் மிச்சத்தைக் களைவாள்.

ஆகவே டி.வி. வேண்டாம். சர்க்கார் அறிவித்த 6,000 ரூபாய் பாயும் பாத்திரமும் வாங்கச் சரியாகிவிடும். கீழத்தெருவில் தைத்துப் பிழைக்கிற அந்த விதவையின் மிஷின் துருவேறிக் கிடக்கிறது. உன் மனசில் டி.வி.க்கு என்று ஒதுக்கிய பணம் இருந்தால் அதற்கு அனுப்பு. யார் கொடுத்தது என்று நான் சொல்லப்போவதில்லை. மிச்சம் வந்தால் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம். அரைப்பரீட்சை தள்ளிப்போயிருக்கிறது, எழுதி வைத்ததெல்லாம் கரைந்துவிட்டது.

உன் முழங்கால் எப்படி இருக்கிறது? மதினியிடம் கேட்டதாகச் சொல். ஜனவரியில் வருவதாயிருந்தால் திருச்செந்தூர் ரயில் ஓடுகிறதா என்று பார்த்துக்கொண்டு டிக்கெட் போடு. வரும்போது பெரிய எழுத்துக் கீர்த்தனைப் புத்தகம் கிடைத்தால் பத்து வாங்கி வா, வாலிபர்களுக்கு வேண்டியிருக்கிறது. நான் முதலூர்ப் பக்கம் போனால் உனக்கு மஸ்கோத் அல்வா வாங்கி வைக்கிறேன். சர்க்கரை எவ்வளவு இருக்கிறது என்பதை மட்டும் மறைக்காமல் எழுது.

இப்படிக்கு,
உன் பழைய பெஞ்சுக் கூட்டாளி