எதை அளந்தார்கள் என்பதையும் எழுதுங்கள்

ஆசிரியருக்கு,

வன்முறை வீடியோ கேம்கள் பிள்ளைகளை மூர்க்கமாக்குமா என்பது பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரை, ‘ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை’ என்ற வரியோடு முடிந்துவிட்டது. பதினான்கு வயது மகனின் தந்தை நான். அந்த ஒருமிப்பு ஏன் இல்லை என்பதைத்தான் தெரிந்துகொள்ள விரும்பினேன்; பிறகு நானே தேடிப் படித்தேன்.

பிணக்கின் வேர், மூர்க்கத்தை அளக்கும் விதத்தில் இருக்கிறது. சற்று நேரம் விளையாடிய மாணவர், தன்னோடு போட்டியிடுவதாகச் சொல்லப்படும் ஒருவரின் காதில் எவ்வளவு உரத்த இரைச்சலை, எத்தனை நேரம் ஒலிக்கவிடுகிறார்? பல ஆய்வகச் சோதனைகளில் மூர்க்கம் என்பது இவ்வளவுதான். இதிலும் உரப்பைக் கணக்கிடுவதா, நேரத்தையா, முதல் சுற்றை மட்டுமா, எல்லாச் சுற்றுகளின் சராசரியையா? இந்த ஒரு சோதனைக்கே ஆய்வுக் கட்டுரைகளில் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட கணக்கீட்டு முறைகள் கையாளப்பட்டிருப்பதை உளவியலாளர் மால்ட்டே எல்சன் தொகுத்துக் காட்டியிருக்கிறார். படித்ததும் திகைத்துப்போனேன். முறையை மாற்றினால் முடிவும் மாறக்கூடும் அல்லவா?

யாரிடம் கேட்கிறார்கள் என்பதும் முக்கியம். 2019இல் உளவியலாளர்கள் ஆண்ட்ரூ ஷிபில்ஸ்கியும் நெட்டா வைன்ஸ்டீனும் பிரிட்டனில் 14, 15 வயதினர் சுமார் ஆயிரம் பேரை ஆராய்ந்தனர். பிள்ளையின் மூர்க்கத்தைப் பெற்றோரிடம் கேட்டறிந்தனர். விளையாட்டின் வன்முறை அளவுக்கு அதிகாரபூர்வத் தரக்குறியீட்டைப் பயன்படுத்தினர். முடிவுக்கேற்ப முறையை மாற்றிக்கொள்ளாதிருக்க, பகுப்பாய்வு முறையை முன்கூட்டியே பதிவுசெய்தனர். தொடர்பு எதுவும் தென்படவில்லை. அதற்கு முந்தைய ஆண்டு, 24 ஆய்வுகளையும் 17,000க்கும் மேற்பட்ட இளையோரையும் உள்ளடக்கிய தொகுப்பாய்வு ஒன்று, வன்முறை விளையாட்டுகளுக்கும் பிற்காலத்து அடிதடிக்கும் இடையே சிறிய தொடர்பைக் கண்டது.

அந்தச் ‘சிறிய’ என்ற சொல்லில்தான் அடுத்த சண்டை. கோடிக்கணக்கானோர் விளையாடும்போது சிறிய விளைவும் பெரிது என்கிறார் உளவியலாளர் கிரெய்க் ஆண்டர்சன். அளவீட்டுக் கோளாறே அவ்வளவு வரும் என்கிறார் மற்றோர் உளவியலாளரான கிறிஸ்டோபர் ஃபெர்குசன். என் மனம் ஃபெர்குசன் பக்கம் சாய்கிறது. ஆனால், ஆண்டர்சனின் வாதத்தைப் புறந்தள்ள எனக்குத் துணிவில்லை. தொடர்பு இருந்தாலும், விளையாட்டு மூர்க்கத்தை வளர்க்கிறதா, மூர்க்கமுள்ள பிள்ளை அத்தகைய விளையாட்டை நாடுகிறதா என்ற கேள்வியும் மிஞ்சுகிறது.

அமெரிக்க உளவியல் சங்கம் 2020இல் திருத்திய தீர்மானம் கத்துவது, தள்ளுவது போன்றவற்றையும் கொடிய வன்முறையையும் பிரித்தே பேசுகிறது. நம் செய்திகளோ இரண்டையும் ஒரே தலைப்பில் கட்டிவிடுகின்றன. இனி இத்தகைய ஆய்வுச் செய்தி வரும்போது எதை அளந்தார்கள், யாரிடம் கேட்டார்கள், விளைவு எவ்வளவு என்ற மூன்றையும் சேர்த்து வெளியிடுங்கள். மகனிடம் பேச உட்காரும்போது எனக்கு அவை தேவைப்படுகின்றன.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்