முதல் தேவதாஸ் பாடவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த தேவதாஸ் பற்றிய கட்டுரையை ஒரே மூச்சில் படித்தேன். ஆனால் அது 1935-இல் பி.சி. பரூவா எடுத்த வங்காளப் படத்திலிருந்து தொடங்குவது மனத்தை உறுத்துகிறது. அதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன்பே, 1928-இல், நரேஷ் மித்ரா சரத் சந்திரரின் தேவதாஸ் நாவலை ஊமைப்படமாக எடுத்துவிட்டார். தேவதாஸாக ஃபணி பர்மா, பார்வதியாக தாரக்பாலா. அந்தப் படம் இன்று நம்மிடம் இல்லை. இல்லை என்பதற்காக வரிசையிலிருந்தே எடுத்துவிடலாமா?

நமக்கு தேவதாஸ் என்றால் 1953-இல் வந்த நாகேஸ்வர ராவும் கண்டசாலாவின் குரலும்தான். 'உலகே மாயம்' கேட்காத தேவதாஸை நானும் வெகுநாள் நினைத்துப் பார்த்ததில்லை. அண்மையில் சரத் சந்திரரின் நாவலை மறுபடி படித்தபோதுதான் உறைத்தது: அதன் உச்சமான இடங்களுக்குப் பேச்சே தேவையில்லை. குளக்கரையில் தூண்டில் கோலால் பார்வதியை நெற்றியில் அடிக்கிறான். அந்தத் தழும்பு அவளோடு வாழ்நாள் முழுக்க இருக்கிறது. கடைசியில் மாட்டு வண்டியில் வந்திறங்கி, அவள் வீட்டு வாசலில் அரசமரத்தடியில், பேச நா எழாமல் கிடந்து சாகிறான். குரலும் பாட்டும் கைகொடுக்காத நாளில் இந்தக் காட்சிகளை முகத்தாலும் கண்ணாலும் அந்த நடிகர்கள் எப்படித் தாங்கினார்கள்? அதைத்தான் இழந்திருக்கிறோம்.

இந்தியாவில் எடுக்கப்பட்ட ஊமைப்படங்கள் சுமார் 1,300. துண்டு துணுக்குகளையும் சேர்த்து மிஞ்சியவை முப்பதை ஒட்டியே. 1931-இல் பேசும்படம் வந்தபின் பழைய சுருள்களைச் சீந்துவாரில்லை. அந்தச் சுருள்கள் நைட்ரேட் பிலிம்; எளிதில் தீப்பிடிக்கும். பிடிக்காதவற்றையும் அதிலுள்ள வெள்ளிக்காக உருக்கினார்கள்.

அப்படித் தப்பியவற்றில் ஒன்று நாகர்கோவில் சுந்தர்ராஜ் தயாரித்த 'மார்த்தாண்ட வர்மா' (1933). அதுவும் படத்துக்கு மூலமான நாவலின் உரிமை வழக்கில் சிக்கி, சுருள்கள் திருவனந்தபுரத்தில் பதிப்பாளரிடம் கிடந்ததால்தான். 1974-இல் புனே திரைப்படக் காப்பகம் அதை மீட்டது. அதை இயக்கிய பி.வி. ராவ்தான் 1937-இல் தமிழில் தேவதாஸையும் எடுத்தவர். இதையும் கட்டுரை சொல்லியிருக்கலாம்.

வரும் இதழில் நரேஷ் மித்ராவின் பெயரையும் 1928 என்ற ஆண்டையும் சேர்த்து ஒரு திருத்தம் வெளியிட வேண்டுகிறேன். பழைய சினிமா நோட்டீஸ்களோ படங்களோ பரணில் வைத்திருக்கும் வாசகர்கள், பழைய பேப்பர்காரரிடம் போடுமுன் காப்பகத்துக்கு ஒரு கடிதம் எழுதிக் கேட்கும்படி அதன் கீழேயே ஒரு வரி சேர்த்தால் மகிழ்வேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்