மேல்வீட்டு அன்ரிக்கு நன்றி

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் வெள்ளவத்தையில் எங்களுக்கு மேல்வீட்டில் இருந்த அன்ரிக்கு இந்த நன்றி. பெயர் போட்டால் ஏசுவார், அதனால் போடவில்லை.

அப்போது கொழும்பில் வீட்டுக்குத் தொலைபேசி எடுப்பது லேசான காரியமில்லை. விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அன்ரி தன் லைனிலிருந்து யன்னல் வழியாக ஒரு வயரை இறக்கி, எங்கள் வீட்டிலும் ஒரு ஃபோனை வைக்கவிட்டார். சட்டப்படி சரியோ என்னவோ, யார் கேட்டது! ஒரே லைன் என்பதால் இரண்டு வீட்டிலும் சேர்ந்தே மணியடிக்கும். கோல் எங்களுக்கென்றால் மேலேயிருந்து தும்புத்தடியால் நிலத்தில் இரண்டு தட்டு. நாங்கள் எடுத்ததும் "கதையுங்கோ பிள்ளை" என்று வைத்துவிடுவார். கனடாவில் இருக்கும் மாமா நடுச்சாமத்தில்தான் எடுப்பார். அன்ரி ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. பில் வந்தால் எங்கள் பங்கை அவர் கையில் கொடுப்பதுதான் பெரும்பாடு.

1996இல் இரண்டு நிறுவனங்களுக்குக் கம்பியில்லா வீட்டுத் தொலைபேசிக்கு உரிமம் கிடைத்தது. அப்புறம்தான் வரிசை மெல்லக் குறைந்து, எங்களுக்கும் சொந்த இலக்கம் வந்தது. மாமா மட்டும் தொடர்ந்து அன்ரி வீட்டுக்கே எடுத்துக்கொண்டிருந்தார். அவருக்கு அந்த இலக்கம்தான் மனப்பாடம். அதற்கும் சேர்த்து நன்றி, அன்ரி.