மறைந்த நிறை ஒரு கிராமுக்கும் கீழே

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு இதழின் அறிவியல் பக்கத்தில், "ஒரு கிலோ யுரேனியம் முழுவதும் ஆற்றலாக மாறுவதால் 2,500 கோடி யூனிட் மின்சாரம் கிடைக்கிறது" என்று அச்சாகியிருந்தது. வியாழனன்று எங்கள் பகுதிப் பள்ளி ஒன்றின் அறிவியல் கண்காட்சிக்கு நடுவராகச் சென்றேன். பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி அதே எண்ணைத் தன் அட்டையில் சிவப்பு மையால் எழுதி வைத்திருந்தாள். இது எப்படி வந்தது என்று கேட்டதற்கு, கத்தரித்து வைத்திருந்த தங்கள் பக்கத்தை நீட்டி, "பேப்பர்லயே போட்டிருக்குதுங்களே ஐயா" என்றாள். முப்பத்தொரு ஆண்டுகள் இயற்பியல் கற்பித்த எனக்கு அவளிடம் சொல்ல உடனே ஒரு வார்த்தையும் வரவில்லை.

அணு உலையில் அணுக்கரு பிளவுபடும்போது யுரேனியம் முழுவதும் மறைந்துபோவதில்லை என்பது தாங்கள் அறியாததல்ல. யுரேனியத்தில் எளிதில் பிளவுபடும் வகையான யுரேனியம்-235இன் அணுக்கரு ஒரு நியூட்ரானை ஏற்று, பேரியம், கிரிப்டான் போன்ற இரண்டு அணுக்கருக்களாகவும் இரண்டு மூன்று நியூட்ரான்களாகவும் உடைகிறது. அவற்றின் மொத்த நிறை முன்பிருந்ததைவிடச் சிறிதே குறைவு. நிறையை ஒளிவேகத்தின் இருமடியால் பெருக்கினால் ஆற்றல் என்னும் ஐன்ஸ்டைன் சமன்பாட்டில் இட வேண்டியது அந்தக் குறைவை மட்டுமே, முழுக் கிலோவை அல்ல. 1938 கிறிஸ்துமஸ் விடுமுறையில், ஸ்வீடன் நாட்டுப் பனியில், இயற்பியலாளர் லீசே மைட்னரும் அவருடைய சகோதரி மகனும் இயற்பியலாளருமான ஆட்டோ ஃபிரிஷும் ஒரு மரத்தண்டில் உட்கார்ந்து துண்டுக் காகிதங்களில் போட்ட கணக்கும் இதுதான். குறையும் நிறை ஒரு புரோட்டானில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு, அதற்கு ஈடான ஆற்றல், அணு அளவில் ஆற்றலை அளக்கும் அலகில், சுமார் 200 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் என்று அவர்கள் கண்டார்கள்.

அது ஒரு பிளவுக்கு 3.2 × 10⁻¹¹ ஜூல். ஒரு கிலோ யுரேனியம்-235இல் உள்ள அணுக்கள் 2.56 × 10²⁴. இரண்டையும் பெருக்கினால் 8.2 × 10¹³ ஜூல். ஒரு யூனிட் 36 லட்சம் ஜூல் ஆகையால், இது ஏறத்தாழ 2 கோடியே 28 லட்சம் யூனிட். அதுவும் வெப்பமே, மின்சாரமாகக் கிடைப்பது மூன்றில் ஒரு பங்கு, சுமார் 75 லட்சம் யூனிட். இத்தனைக்கும் குறைந்த நிறை ஒரு கிராமைக்கூட எட்டவில்லை. கூடங்குளத்தின் 1,000 மெகாவாட் உலை ஒன்று முழுத்திறனில் ஒரு நாளைக்கு 2 கோடியே 40 லட்சம் யூனிட் தருகிறது. தங்கள் கணக்குப்படி அது ஒரே கிலோவில் ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் ஓட வேண்டும். உண்மையில் அந்த அளவு மின்சாரத்துக்கு நாளொன்றுக்கு மூன்று கிலோவுக்கு மேல் பிளவுபட்டாக வேண்டும். மேலும், வெட்டியெடுக்கும் யுரேனியத்தில் இந்த 235 வகை கிலோவுக்கு ஏழு கிராம்தான் இருக்கிறது. அதைப் பற்றி அந்தக் கட்டுரையில் ஒரு சொல்லும் இல்லை.

இது முதல் முறையும் அல்ல. சென்ற ஆண்டு யுரேனியத்தின் அணு எண் 235 என்று அச்சிட்டீர்கள், அது புரோட்டான்களையும் நியூட்ரான்களையும் சேர்த்து எண்ணும் நிறை எண், புரோட்டான்களை மட்டும் எண்ணும் அணு எண் 92 என்று எழுதினேன், பதில் இல்லை. கல்பாக்கம் உலையைப் பற்றி "மணிக்கு 220 மெகாவாட்" என்று ஒரு செய்தி வந்தது. வாட் என்பதே ஆற்றல் வெளிப்படும் வேகம், அதற்கு "மணிக்கு" பொருந்தாது. விசைத்தறி ஓட்டுபவர்களின் பிள்ளைகளிடம் வீட்டு மின்கட்டண அட்டையைக் கொண்டுவரச் சொல்லி, மோட்டாரின் குதிரைத்திறனைக் கிலோவாட்டாக்கி, அதை ஓடிய மணிக் கணக்கால் பெருக்கி, வாட் எது, யூனிட் எது என்று ஒவ்வோர் ஆண்டும் விளக்கியவன் நான். அந்தச் செய்திக்கு நான் எழுதிய இரண்டு பக்கக் கடிதத்தில் கணக்கு முழுவதையும் நீக்கிவிட்டு, தங்கள் அறிவியல் பக்கத்தைப் பாராட்டிய முதல் வரியை மட்டும் வெளியிட்டீர்கள். அது என் மனத்தை மிகவும் புண்படுத்தியது.

வரும் ஞாயிறன்று அதே பக்கத்தில், அதே எழுத்தளவில், சரியான எண்ணை அதற்குரிய கணக்குடன் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். அதைக் கத்தரித்துப் பழையதன் மேல் ஒட்டிக்கொள்ளும்படி அந்த மாணவியிடம் சொல்லியிருக்கிறேன். அவள் ஞாயிறு வரை காத்திருப்பாள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
பணிநிறைவு பெற்ற இயற்பியல் ஆசிரியர்,
சென்னிமலை, ஈரோடு மாவட்டம்