அப்பாவின் கடிதத்துக்கு ஒரு பதில்

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லாரும் நலம். குளிர்காலம் என்பதால் நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது. அதெல்லாம் பழகிப்போச்சு. இந்த இங்கிலாந்துக்காரர்கள் கோபத்தைத் தாளில் எழுதும் விதம்தான் இன்னும் ஆச்சரியமாக இருக்கிறது. ‘ஐ ஆம் டிஸப்பாயின்டெட்’ என்று ஒரு வரி வந்தாலே இங்கே அது கடுமையான கடிதம். நீங்கள் கேட்டிருப்பதும் இது சம்பந்தமாகத்தான், அதனால் மற்ற கதைகளை அடுத்த கடிதத்துக்கு வைத்துக்கொள்கிறேன்.

பக்கத்து வீட்டு அக்காவின் ஓய்வூதிய மனுவில் ‘டிராவெஸ்டி ஆஃப் ஜஸ்டிஸ்’ என்று போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அது ‘ரொம்ப அநியாயம்’ என்பதற்கு இன்னொரு பெயர் இல்லை அப்பா. டிராவெஸ்டி என்றால் அடிப்படையில் மாறுவேடம். விசாரணை என்று ஒன்றை நடத்தி, கோப்பும் கையெழுத்தும் முத்திரையும் வைத்து, முடிவை மட்டும் முன்கூட்டியே எழுதி வைத்திருந்தால் அதுதான் டிராவெஸ்டி. நீதியின் வேடம் கட்டிய கூத்து. டிராஜெடி, அதாவது துயர நிகழ்வு, என்ற சொல்லோடு இதைக் குழப்பி, வெள்ளம், விபத்துக்கெல்லாம் டிராவெஸ்டி என்று எழுதுகிறவர்கள் உண்டு. அது தப்பு.

‘மிஸ்கேரேஜ் ஆஃப் ஜஸ்டிஸ்’ வேறு. முக்கியமாக, குற்றம் செய்யாதவரை நீதிமன்றமே குற்றவாளி என்று தீர்ப்பளித்துவிட்டால் அப்படிச் சொல்வார்கள். 1974 பர்மிங்ஹாம் குண்டுவெடிப்பு வழக்கில் ஆறு பேர் 16 வருஷம் சிறையில் கிடந்து, 1991-இல்தான் விடுதலையானார்கள். இப்படிப்பட்ட வழக்குகளை மறுபடி பார்க்கவே 1997-இல் ஒரு தனி ஆணையம் வேலையைத் தொடங்கியது.

இங்கே நடந்த தபால் அலுவலக வழக்குகளைப் பற்றி நீங்களும் படித்திருப்பீர்கள். ஹொரைசன் என்ற கணினி மென்பொருள், உண்மையில் இல்லாத பணப் பற்றாக்குறையைக் கணக்கில் காட்டியது. அதை நம்பி, 1999 முதல் 2015 வரை, தபால் கிளை நடத்தியவர்கள் 900-க்கும் மேற்பட்டோரைத் திருட்டு, பொய்க்கணக்கு என்று தண்டித்துவிட்டார்கள். வீட்டை விற்றுப் பணம் கட்டியவர்கள் உண்டு, சிறைக்குப் போனவர்கள் உண்டு. தெற்காசியாவிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களும் அதில் நிறைய. இதை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு பதறுகிறது. 2021-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் 39 பேரின் தண்டனையை ரத்து செய்தபோது, அவர்கள் மீது வழக்குப் போட்டதே நீதிமன்றத்தின் மனசாட்சிக்கு அவமதிப்பு என்றது. ஆங்கிலத்தில் ‘அஃப்ரன்ட்’ என்ற சொல். நீதிபதிகள் அதைச் சும்மா எடுத்து வீசவில்லை. மென்பொருளில் கோளாறு இருப்பது எப்படி மறைக்கப்பட்டது என்று பக்கம் பக்கமாக எடுத்துச் சொல்லிவிட்டுத்தான் அந்த வார்த்தைக்கு வந்தார்கள்.

சனிக்கிழமைகளில் நான் உதவிக்குப் போகும் இடத்துக்கு, வேலையிலிருந்து நீக்கப்பட்ட ஒருவர் வந்தார். அவர் எழுதி வைத்திருந்த மேல்முறையீட்டின் முதல் வரியே ‘டிராவெஸ்டி ஆஃப் ஜஸ்டிஸ்’தான். அடுத்த வரி ‘ஷேம்ஃபுல்’. என்ன நடந்தது என்று மட்டும் எங்கேயும் இல்லை. உட்கார வைத்துக் கேட்டால், அவர்மேல் புகார் கொடுத்த மேலாளரே விசாரணையையும் நடத்தியிருக்கிறார். மேல்முறையீட்டையும் அவரே கேட்கப் போகிறாராம்! முடிந்தவரை இதற்குமுன் சம்பந்தப்படாத ஒரு மேலாளர்தான் மேல்முறையீட்டைக் கேட்க வேண்டும் என்று இங்கே ஏகாஸ் என்ற, வேலைத் தகராறுகளைத் தீர்க்க உதவும் பொது அமைப்பின் வழிகாட்டு விதி சொல்கிறது. அந்த விஷயத்தைத் தேதியோடு முதல் பத்தியில் வைத்தோம். அவர் ஆசைப்பட்ட தொடரை வெட்டவில்லை, கடைசிப் பத்திக்கு இறக்கினோம். அங்கே அது அப்படியே பொருந்தியது. படிக்கிறவருக்கு அதற்குள் விஷயம் தெரிந்துவிடும் இல்லையா, பிறகு அந்தச் சொல்லை மிகை என்று தள்ள முடியாது.

சரி, நம் மனுவுக்கு வருகிறேன். அக்காவைக் கூப்பிட்டு ஒரு வார்த்தைகூடக் கேட்காமல், விசாரித்ததாக எழுதி நிராகரித்திருந்தால் ‘எ டிராவெஸ்டி ஆஃப் ஜஸ்டிஸ்’ என்று எழுதுங்கள். முன்னால் அந்த ‘எ’ வேண்டும். ‘வெரி’ சேர்க்காதீர்கள், ஒரே மனுவில் இரண்டு தடவையும் வேண்டாம். விண்ணப்பத்தை வெறுமனே மாதக்கணக்கில் கிடப்பில் போட்டிருந்தால் ‘கிராஸ்லி அன்ஃபேர்’ (மிகவும் நியாயமற்றது) போதும், அதுவே கனமான சொல்தான். மிஸ்கேரேஜ் இங்கே பொருந்தாது, இது நீதிமன்றத் தீர்ப்பு இல்லையே. எதை எழுதினாலும் அதற்கு முன்னால் விண்ணப்பம் கொடுத்த தேதி, கூடக் கொடுத்த சான்றுகள், பதில் வந்த தேதி மூன்றும் வரட்டும்.

அந்த நிராகரிப்பு உத்தரவைப் படம் பிடித்து அனுப்புங்கள் அப்பா. விசாரணை நடந்ததாக அதில் எழுதியிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். அக்காவிடமும் நேரில் கேட்டுவிடுங்கள், யாராவது வீட்டுக்கு வந்து விசாரித்தார்களா என்று. அம்மாவிடம் ஞாயிற்றுக்கிழமை பேசுகிறேன் என்று சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகள்